நனையவும் கூடாது, நல்லாவும் இருக்கணும்!

ஐப்பசி மழையில் வண்டி ஓட்டி வீடு வந்து சேர்ந்த ஒருவர் ரெயின்கோட்டைக் கழற்றும்போது கவனித்துப் பாருங்கள். கழுத்து, மணிக்கட்டு, தொடை என்று சில இடங்கள் ஈரமாக இருக்கும். முதுகும் அக்குளும் அதைவிட மோசமாக நனைந்திருக்கும். ‘கோட் ஒழுகுது’ என்று முடிவுகட்டி, அடுத்த வருடம் இன்னும் தடிமனான கோட் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்குவார். அது இன்னும் அதிகமாக நனைக்கும். காரணம், அவர் முதுகில் இருந்தது பெரும்பாலும் வியர்வை.

சென்னைக்கு வருடத்தில் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கும் மேலே அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. கடலிலிருந்து காற்றோடு சாய்ந்து வரும் மழை அது. அரைமணி நேரம் அடித்து ஊற்றிவிட்டு நின்றுவிடும், புழுக்கம் தொடங்கும், மறுபடி ஊற்றும். மழை நாளிலும் வெப்பநிலை 25 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. காற்றில் ஈரப்பதம் 90 சதவிகிதத்தைத் தாண்டி நிற்கும். குளிர்தேசத்தில் பிறந்த ரெயின்கோட்டை இந்த ஊருக்கு அப்படியே எடுத்துப் போட்டால் வேலைக்காகாது. மேலிருந்து வரும் தண்ணீரையும் உள்ளிருந்து வரும் தண்ணீரையும் சேர்த்துச் சமாளிக்கிற கோட்தான் நமக்கு வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. ரெயின்கோட் வைத்திருந்தும் போடாமல் நனைகிறவர்கள் நம்மிடையே ஏராளம். மேம்பாலத்துக்கு அடியில் வண்டிகளை நிறுத்திவிட்டு ஒதுங்கி நிற்கும் கூட்டத்தில் பாதிப் பேரின் டிக்கியில் கோட் இருக்கும் என்று தாராளமாகச் சொல்லலாம். எடுக்க மனம் வராது. தொளதொளவென்று, தார்ப்பாய் போர்த்தியது போல, அலுவலக வாசலில் நாலு பேர் முன்னால் இறங்கக் கூச்சமாக இருக்கிற கோட். கல்லூரிப் பெண் அதைப் போடமாட்டாள். முதல் வேலைக்குப் போகும் இளைஞனும் போடமாட்டான். அதனால் கோட் பார்க்க நன்றாக இருப்பதையும் நான் பயன்பாட்டுக் கணக்கில்தான் சேர்க்கிறேன். ஆசையாக எடுத்து மாட்டுகிற கோட்தான் மழை நாளில் உடம்பின்மேல் இருக்கும்.

தையல் ஓட்டைக்கு 200 வயது

1823-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்லஸ் மெக்கின்டாஷ் ஒரு காப்புரிமை பெற்றார். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டினால் தண்ணீர் புகாது என்பதுதான் அவருடைய கண்டுபிடிப்பு. துணி தண்ணீரைத் தடுத்தது. ஆனால், தையல்காரர்கள் அதை வெட்டிக் கோட்டாகத் தைத்தபோது ஊசி போன ஒவ்வொரு துளையிலும் தண்ணீர் இறங்கியது. வெயிலில் ரப்பர் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது, நாற்றம் வேறு. 1840-களில் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பக்குவப்படுத்தும் முறையை அமெரிக்காவில் சார்லஸ் குட்இயரும் இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக்கும் கொண்டுவந்த பிறகு பிசுபிசுப்பும் விறைப்பும் தீர்ந்தன. ஊசித் துளை மட்டும் தீரவில்லை. இன்றைக்கும் கடையில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

1879-ல் இங்கிலாந்தின் தாமஸ் பர்பெரி வேறு வழியில் போனார். நூலையே தண்ணீர் ஒட்டாதபடி பக்குவப்படுத்தி, நெருக்கமாக நெய்தார். கேபர்டின் என்று பெயர். மழையை ஓரளவு தள்ளும். காற்றையும் உள்ளே விடும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் கிடந்த அதிகாரிகள் இந்தத் துணியில் தைத்த கோட்டைப் போட்டார்கள். அதுதான் பிற்பாடு சினிமா ஹீரோக்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்த டிரெஞ்ச் கோட். தோளில் இருக்கும் பட்டை, மார்பின் மேல் கூடுதலாகத் தொங்கும் மடிப்பு என நாம் அலங்காரமாக நினைப்பதில் ஒவ்வொன்றுக்கும் அன்றைக்கு ஒரு வேலை இருந்தது. மார்பு மடிப்பின் வேலை, வழியும் மழைநீரைப் பொத்தான் இடுக்குக்குள் விடாமல் வெளியே தள்ளுவது. வேலைக்காக வெட்டிய வெட்டுத்தான் காலப்போக்கில் அழகாகிப்போனது.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு நெடிய கதை உண்டு. சுதேசி உணர்வில் ஊறிய சுரேந்திர மோகன் போஸ் 1920-ல் கல்கத்தாவில் தொடங்கிய பெங்கால் வாட்டர்புரூஃப் நிறுவனத்தின் ‘டக்பேக்’ கோட் இந்தியக் குடும்பங்களில் பல தலைமுறை உழைத்திருக்கிறது. கனமான ரப்பர் துணி. அதன் வாசனையோடு பள்ளிக்கூடம் போனவர்கள் இன்றைக்கும் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால், மழைக்கும் வேலைக்கும் பொருந்திய வடிவம் எது என்று கேட்டால் நான் வயலைத்தான் காட்டுவேன். உரச்சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்துத் தலையில் மாட்டிக்கொள்ளும் கொங்காணி. நடவு நடுகிறவர் குனிந்தே நிற்கிறார். மழை விழுவது தலையிலும் முதுகிலும். அந்த இரண்டும் மூடியிருக்கின்றன. முன்பக்கமும் கைகளும் திறந்திருக்கின்றன, காற்று தாராளமாக உள்ளே போய் வருகிறது, வியர்வை தங்குவதில்லை. உடம்பு எந்த நிலையில் வேலை செய்கிறதோ அந்த நிலைக்கு மூடி, மற்றதைக் காற்றுக்கு விட்டுவிடும் அந்தச் சாக்கின் கணக்கை, கடையில் கோட் பார்க்கும்போது நாம் போட வேண்டும். நம்மில் பெரும்பாலோர் மழையில் நிற்பதில்லை, நடப்பதும் குறைவு. கையை நீட்டி, முழங்காலை மடக்கி, வண்டியில் உட்கார்ந்திருக்கிறோம்.

புரட்டிப் பாருங்கள்

கடையில் கோட்டைக் கையில் கொடுத்ததும் எல்லோரும் வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பார்கள். நீங்கள் உள்பக்கத்தை வெளியே புரட்டுங்கள். தோள், அக்குள், கைகளின் நீளம், பேன்ட்டின் கவட்டை என்று தையல் ஓடும் இடமெல்லாம் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பளபளப்பான டேப் ஒட்டியிருக்க வேண்டும். ஊசித் துளைகளைச் சூட்டில் அடைக்கும் டேப் அது. விளிம்பை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். அங்கேயே உரிந்து வந்தால் நாலு மழை தாங்காது. டேப் நேராக ஓடாமல் தையலை விட்டு விலகியிருந்தாலும் வேண்டாம். கவட்டையில் நாலு தையல் ஒரே புள்ளியில் வந்து சேரும். முதலில் கிளம்புவது அந்த இடம்தான். உட்கார்ந்து ஓட்டும்போது மடியில் தேங்கும் தண்ணீர் சீட்டை நோக்கி இறங்கி அந்தப் புள்ளியில்தான் குளமாகும். ‘பேன்ட்டு முழுக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா உட்கார்ற இடம் மட்டும் நனையுது’ என்று சொல்கிறவர்களுக்கு நடந்தது இதுதான். தரமான பேன்ட்டில் அந்த இடத்தில் ஒரு கூடுதல் துண்டு வைத்திருப்பார்கள். சில கம்பெனிகள் கவட்டையில் தையலே வராதபடி துணியை வெட்டுகின்றன.

டேப்பே இல்லாமல் இரண்டு வரிசைத் தையல் மட்டும் போட்டு, ‘டபுள் ஸ்டிச்சிங்’ என்று பெருமையாக எழுதியிருந்தால், துளைகள் இரண்டு மடங்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது துணி. நம் கடைகளில் இருப்பது பெரும்பாலும் இரண்டு வகை. பிளாட்பாரத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது பிவிசி. இதில் தையலுக்குப் பதில் ஓரங்களைச் சூட்டில் ஒட்டிவிடுவார்கள். அதனால் புதிதில் சொட்டுத் தண்ணீர் புகாது. காசிமேட்டில் மீன் இறக்குகிறவர்களும் சாலையில் வேலை செய்கிறவர்களும் இதைப் போடுவதில் அர்த்தம் இருக்கிறது. தண்ணீர், சேறு, உப்பு எல்லாவற்றையும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம். குறை என்னவென்றால் கனம். காற்று கொஞ்சமும் போகாது. வளைந்துகொடுப்பதற்காகச் சேர்த்த ரசாயனம் நாளாக ஆக வெளியேற, மடிப்பு விழுந்த இடத்தில் விறைத்து வெடிக்கும்.

இரண்டாவது வகை, நைலான் அல்லது பாலியஸ்டர் துணியின் உள்பக்கம் பாலியூரித்தேன் பூசியது. ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்துச் சொச்சம் வரை விலை. எடை குறைவு, பையில் சுருட்டினால் சிறு பொட்டலமாகிவிடும், நல்ல நிறங்கள் வரும். இருசக்கர வண்டி ஓட்டுகிற பெரும்பாலோருக்கு நான் சொல்வது இதைத்தான். பாக்கெட்டில் 3,000, 5,000, 10,000 மில்லிமீட்டர் என்று ஓர் எண் போட்டிருந்தால் அது என்ன என்று கடைக்காரருக்கே பல நேரம் தெரியாது. துணியின் மேல் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினால் அது கசியத் தொடங்குகிறது என்பதுதான் கணக்கு. நின்றுகொண்டிருப்பவர் மேல் சாதாரணமாகப் பெய்யும் மழைக்கு 1,500 போதும். வண்டியில் போகும்போது மழை அறைகிறது; ஈரச் சீட்டில் நம் எடையே தண்ணீரைத் துணிக்குள் அழுத்துகிறது. அதனால் 5,000-க்குக் குறையாமல் பாருங்கள். எண் எதுவும் போடாத கோட் என்றால், தையல் டேப்பை வைத்து முடிவெடுங்கள்.

விலை உயர்ந்த சவ்வு நமக்கு உதவுமா?

‘உள்ளே வியர்க்காது, வெளியே நனையாது’ என்ற வாக்குறுதியோடு பத்தாயிரத்தைத் தாண்டும் கோட்டுகள் இப்போது நம் மால்களிலும் வந்துவிட்டன. இதன் தாய்வீடு அமெரிக்கா. 1969-ல் பாப் கோர் என்ற பொறியாளர், டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது அது உடையாமல், கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த சவ்வாக நீண்டது. தண்ணீர்த் துளி புக முடியாத அளவுக்குச் சிறிய துளை; ஆவி வெளியேறப் போதுமான பெரிய துளை. கோர்-டெக்ஸ் பிறந்தது இப்படித்தான். மலையேறுகிறவர்களுக்கு அது பெரிய வரம்.

ஆனால், ஆவி தானாக வெளியேறாது. உள்ளே சூடும் ஈரமும் அதிகமாகவும், வெளியே குளிரும் வறட்சியுமாகவும் இருந்தால்தான் அது உள்ளிருந்து வெளியே தள்ளப்படும். பத்து டிகிரி குளிரில் இது அருமையாக நடக்கும். நவம்பர் மாத வேளச்சேரியில் வெளியே 27 டிகிரி, காற்று முழுக்க ஈரம். உள்ளே இருக்கும் ஆவிக்கு வெளியே போக அவசரமே இல்லை. அதோடு, வெளித்துணியில் தண்ணீரை உருட்டிவிடும் பூச்சு தேய்ந்துபோனால் துணி ஈரத்தைக் குடித்துவிடும்; சவ்வு மூச்சுவிட வழியில்லாமல் போகும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வசிப்பவர்களும் அடிக்கடி மலைக்குப் போகிறவர்களும் இந்தச் செலவைச் செய்யலாம். சென்னை, கடலூர், தூத்துக்குடி வாசிகள் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

தண்ணீரை உருட்டிவிடும் அந்தப் பூச்சு பற்றி ஒரு வார்த்தை. பல காலம் அதற்குப் பயன்பட்டது பிஎஃப்ஏஎஸ் எனப்படும் ஃப்ளூரின் ரசாயனங்கள். மண்ணிலும் தண்ணீரிலும் சிதையாமல் தங்கிவிடுகின்றன என்பதால் கலிஃபோர்னியா மாநிலம் 2025 முதல் பெரும்பாலான துணிகளில் இவற்றுக்குத் தடை விதித்திருக்கிறது. புதிதாக வாங்கும்போது ‘பிஎஃப்ஏஎஸ் இல்லாதது’ என்ற குறிப்பு இருந்தால் அதையே எடுங்கள். பிஎஃப்ஏஎஸ் இல்லாத பூச்சு எண்ணெய்க் கறையை முன்புபோல் தள்ளாது, அவ்வளவுதான். மழைக்கு அது போதும்.

சவ்வுக்குப் பதிலாக நமக்கு உதவுவது வெறும் காற்றோட்டம். முதுகில் தோளுக்குக் கீழே ஒரு மடிப்பு தொங்கி, அதற்கு அடியில் வலைத்துணி வைத்திருக்கிறார்களா என்று கையை விட்டுப் பாருங்கள். மேல் மடிப்பு மழையை வெளியே தள்ளும். அடியில் இருக்கும் வலை வழியாகக் காற்று போகும். அக்குளில் சிறு ஜிப் இருந்தால் இன்னும் நல்லது. உள்பக்கம் முழுக்க வலைத்துணி லைனிங் இருந்தால் கோட் தோலில் ஒட்டாது. வியர்வை குறைகிறதோ இல்லையோ, அந்தப் பிசுபிசுப்பு போய்விடும். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு நம் காலநிலைக்குக் கிடைக்கிற மிகப் பெரிய சௌகரியம் இந்த வலைத்துணிதான் என்பேன்.

வண்டியில் உட்கார்ந்து போட்டுப் பார்த்த அக்கா

பாரிமுனையில் மழை சீசன் தொடங்கினால் என்.எஸ்.சி. போஸ் சாலை பிளாட்பாரம் முழுக்க ரெயின்கோட் தொங்கும். அங்கே ஒரு பெண் கோட் வாங்கியதைப் பார்த்தேன். சுடிதார் மேலேயே கோட்டை மாட்டினார். கண்ணாடியைப் பார்க்கவில்லை. நேராகத் தன் ஸ்கூட்டருக்குப் போய் ஏறி உட்கார்ந்தார். ஹேண்டில்பாரைப் பிடித்தார். கை மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்டது.

“கை பத்தலைண்ணா. இதுல ஒரு சைஸ் பெருசு காட்டுங்க.”

“அது உங்களுக்கு லூஸா இருக்கும்க்கா. பார்க்க நல்லா இருக்காது.”

“நிக்கிறப்ப லூஸா இருந்தா பரவால்லண்ணா. ஓட்டுறப்ப கரெக்டா இருக்கணும்.”

பெரிய சைஸை மாட்டினார். இந்த முறை கை சரியாக இருந்தது. ஆனால் தோள் இறங்கி, விரல் நுனிவரை துணி வந்து பிரேக்கைப் பிடிக்க இடைஞ்சல் செய்தது. மூன்றாவதாக மணிக்கட்டில் எலாஸ்டிக்கும் வெல்க்ரோவும் சேர்ந்த ஒன்றை எடுத்தார். வெல்க்ரோவை இழுத்து ஒட்டினார். பிரேக்கை நாலு தடவை பிடித்து விட்டுப் பார்த்தார். தலையை இடமும் வலமும் திருப்பினார். பிறகுதான் விலை பேசத் தொடங்கினார். ரெயின்கோட் வாங்குவது எப்படி என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித்தர முடியாது.

அவர் தலையைத் திருப்பிப் பார்த்ததில் முக்கியமான விஷயம் இருக்கிறது. கோட்டோடு வரும் தொப்பியை ஹெல்மெட்டுக்கு மேலே மாட்டினால் பக்கவாட்டில் வரும் வண்டி தெரியாது. ஹெல்மெட்டுக்கு உள்ளே மாட்டினால் ஹெல்மெட் தலையில் சரியாகப் பிடிக்காது. கழற்றி வைத்துவிடக்கூடிய தொப்பியும், கன்னத்தைத் தொடும் அளவுக்கு உயர்ந்த காலரும் இருக்கிற கோட்தான் வண்டிக்கு ஏற்றது. ஹெல்மெட்டின் பின்விளிம்பிலிருந்து வழியும் தண்ணீர் நேராகப் பிடரிக்குள் இறங்குவதால், அந்தக் காலர் பின்பக்கமும் உயரமாக இருக்க வேண்டும்.

முன்பக்க ஜிப்புக்கு மேலே ஒரு மடிப்பு மூடி கட்டாயம் வேண்டும். இரண்டு மடிப்பு என்றால் உத்தமம். ஜிப்பின் பல்லிடுக்கில்தான் எதிர்க்காற்று தண்ணீரை அடிக்கும். பேன்ட், உட்கார்ந்தால் ஒரு சாண் மேலே ஏறும். நிற்கும்போது ஷூவின் குதிகால்வரை வருகிற நீளத்தை எடுங்கள். கணுக்காலில் ஜிப்போ வெல்க்ரோவோ இருந்தால் ஷூவைக் கழற்றாமலே மாட்டலாம். மழை திடீரென்று பிடித்துக்கொண்டால், சாலையோரம் ஒற்றைக்காலில் நின்று திண்டாடுவதிலிருந்து அது காப்பாற்றும்.

போன்ச்சோ எனப்படும் போர்வை மாதிரியான கோட் நடப்பவர்களுக்கு நல்ல காற்றோட்டம் தரும். இருசக்கர வண்டியில் மட்டும் அதைப் போடவே கூடாது. காற்றில் பறந்து முகத்தை மூடும். தொங்கும் நுனி சக்கரத்திலோ செயினிலோ சிக்கும்.

பெண்களுக்குத் தைப்பவர்கள் யோசிக்க வேண்டியது

கடைகளில் பெண்களுக்கு என்று கொடுப்பதில் பாதி, ஆண்களுடைய கோட்டையே இளஞ்சிவப்பு நிறத்தில் அடித்தது. தோள் அகலமாக இருக்கும், இடுப்புக்குக் கீழே இடம் இருக்காது. சுடிதாரின் மேல்பகுதி முட்டிவரை வருகிறது என்பதையே பல தயாரிப்பாளர்கள் கணக்கில் எடுப்பதில்லை. கோட்டுக்குக் கீழே தொங்கும் அந்த நாலு விரல் துணி வீடு வரும்வரை தண்ணீரை உறிஞ்சி இடுப்புவரை ஏற்றிவிடும். முட்டிக்குக் கீழே இறங்குகிற, கீழே போகப்போக விரிகிற வெட்டுத்தான் சரி. அந்த வெட்டில் காற்றும் அடியிலிருந்து மேலே ஏறும். பார்க்கவும் அது எல்லா உடல்வாகுக்கும் எடுப்பாக இருக்கும். இடுப்பில் பெல்ட் வைத்த கோட் அழகுதான். ஆனால், பெல்ட்டை இறுக்கினால் காற்று ஏறும் வழி அடைபட்டுவிடும். பேருந்து நிறுத்தம்வரை நடப்பவர்கள் அதை எடுக்கலாம்.

சேலை கட்டி ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களுக்குப் பேன்ட் உதவாது. நீள கோட்டில், முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஒரு சாணாவது படியும்படி உள்மடிப்பும் பிரஸ் பட்டனும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உட்கார்ந்ததும் முட்டியிலிருந்து கோட் பிளந்து, மடியில் நேராக மழை பெய்யும். துப்பட்டாவையும் முந்தானையையும் கோட்டுக்கு உள்ளே முழுக்கச் சுற்றிவிட்டு ஜிப்பைப் போடுங்கள்; வெளியே ஒரு நுனிகூடத் தொங்கக் கூடாது. பின்னால் உட்கார்ந்து வருகிறவர் கோட்டின் கீழ்ப்பகுதியைத் தொடைக்கு அடியில் செருகிக்கொள்வது நல்லது.

இப்போது இளம்பெண்களிடையே ஒளி ஊடுருவும் கோட் பிரபலமாகிவருகிறது. பட்டு மாதிரியான மங்கலான வெண்மையில், உள்ளே போட்டிருக்கும் உடையின் நிறம் தெரிகிறபடி இருக்கும். ஈவிஏ என்ற பொருளில் செய்தவை பிவிசியைவிட இலேசு. அந்த நாற்றமும் இல்லை. கல்யாண வீட்டுக்குப் போகும்போது சேலையின் நிறம் மறையாமல் நனையாமல் போகலாம். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. கிழிந்தால் தைக்க முடியாது, முள்வேலி ஓரம் கவனம் வேண்டும் என்பதுதான் குறை. இரவில் வண்டி ஓட்ட அது மட்டும் போதாது. ரிஃப்ளெக்டர் பட்டை ஒன்றைத் தோளில் குறுக்கே மாட்டிக்கொள்ளுங்கள்.

நிறம்தான் ஸ்டைல்

ரெயின்கோட்டில் ஸ்டைல் என்றால் கறுப்பு, கருநீலம் என்று ஒரு எண்ணம் நம்மிடம் ஊறிப்போய்விட்டது. அழுக்குத் தெரியாது என்பது ஒரு காரணம். ‘அடக்கமா’ இருக்கும் என்பது இன்னொரு காரணம். மாலை ஆறு மணி, மின்சாரம் போன தெரு, வைப்பர் அடித்துக்கொண்டிருக்கும் லாரிக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி வழியாகப் பார்க்கும் ஓட்டுநருக்குக் கறுப்புக் கோட் போட்டவர் ஈரச் சாலையோடு சாலையாகத்தான் தெரிவார். மஞ்சள் கோட் தெரியும். ஆரஞ்சு தெரியும். கிளிப்பச்சை தெரியும்.

மஞ்சள் என்றாலே சிலருக்குத் தயக்கம். கட்டடத் தொழிலாளியும் மீனவரும் போடும் நிறம் என்ற நினைப்பு. கடலுக்குப் போகிறவர்கள் அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தது உயிரோடு திரும்புவதற்காக. ஸ்டாக்ஹோமிலும் கோபன்ஹேகனிலும் கடந்த பத்துப் பதினைந்து வருடங்களாக மீனவர்களுடைய அதே வெட்டையும் அதே நிறத்தையும் எடுத்து, நேர்த்தியாகத் தைத்து, ஃபேஷன் கடைகளில் பெரிய விலைக்கு விற்கிறார்கள். உலகம் முழுக்க இளைஞர்கள் வாங்குகிறார்கள். நம் மாநிறத்துக்கு மஞ்சளும் செங்கல் ஆரஞ்சும் மிகப் பொருத்தமான நிறங்கள். மஞ்சள் பட்டுப்புடவை எடுக்க யோசிக்காத நாம், மஞ்சள் கோட் எடுக்க ஏன் யோசிக்க வேண்டும்?

உடம்பு முழுக்க ஒரே பளீர் நிறம் வேண்டாம் என்று தோன்றினால், மேல்கோட்டைப் பளீரென்றும் பேன்ட்டைச் சாம்பல் அல்லது கருநீலத்திலும் எடுங்கள். சேறு அடிப்பது பேன்ட்டில்தான். பூப்போட்டது, புள்ளி போட்டது எல்லாம் பக்கத்தில் நின்று பார்க்க அழகு. தூரத்திலிருந்து மங்கலாகக் கலந்துவிடும். ரிஃப்ளெக்டர் பட்டை முதுகில் மட்டும் இருந்தால் போதாது. பை மாட்டினால் அது மறைந்துவிடும். கையிலும் கணுக்காலிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

தோள் தையல் நம் தோள் எலும்பின்மேல் உட்கார்ந்தாலே பாதி ஸ்டைல் வந்துவிடும். அதனால்தான் ‘ஃப்ரீ சைஸ்’ கோட் யாருக்கும் நன்றாக இருப்பதில்லை. ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள்: லூஸாக இருக்கிறது என்று பக்கத்துத் தையல்கடையில் பிடித்துத் தைக்கக் கொடுப்பது. புதிய தையல் என்றால் புதிய துளைகள். அவற்றை அடைக்கும் டேப் அவரிடம் இருக்காது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு

குழந்தைகள் கோட்டில் பெற்றோர் பார்ப்பது பொம்மைப் படத்தை. பார்க்க வேண்டியது முதுகை. புத்தகப் பைக்கும் சேர்த்து முதுகில் மடிப்பு வைத்துத் தைத்த கோட் கிடைக்கிறது. பையை மாட்டினால் அது விரியும். இல்லாவிட்டால் பைக்கு மேலே கோட்டை இழுத்து ஜிப் போடும்போது முன்பக்கம் இறுகி, ஒரு வாரத்தில் ஜிப் பிய்ந்துவிடும். தொப்பியில் இழுத்துக் கட்டும் கயிறு வேண்டவே வேண்டாம். வேன் கதவிலோ சறுக்குமரத்திலோ மாட்டிக் கழுத்தை இறுக்கும் ஆபத்து உண்டு. எலாஸ்டிக் வைத்ததே போதும். அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று இரண்டு சைஸ் பெரிதாக எடுத்துவிடாதீர்கள். தரையில் புரளும் கோட்டை மிதித்து விழுவது பிள்ளைதான்.

நாள் முழுக்க மழையில் நிற்பவர்கள்

அலுவலகம் போய் வருகிறவருக்கு மழை ஒரு மணி நேரத்துப் பிரச்னை. உணவு, பார்சல் கொண்டுவருகிறவர்களுக்குப் பத்து மணி நேரம். எந்தக் கோட்டும் அத்தனை நேரம் உடம்பைக் காயவைக்காது. ஒரு கடையிலிருந்து இன்னொரு வீட்டுக்கு, மாடிப்படி ஏறி இறங்கி, கோட்டுக்குள்ளேயே வேர்த்து நனைந்து திரும்ப மழைக்குள் போகிறார்கள். இவர்களுக்குக் கொடுக்கும் கோட்டில் லோகோவின் அளவைவிட முதுகுக் காற்றுத்துளையின் அளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று நிறுவனங்களிடம் நான் கேட்பேன். ஒரு கோட் காயும்போது மாட்ட இன்னொன்று வேண்டும். பருத்தி பனியன் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கோட்டுக்குள்ளே விளையாட்டு டி-ஷர்ட் வகைத் துணி போட்டால் சீக்கிரம் காயும், தோலில் புண் வராது. இதற்கு 200 ரூபாய்கூட ஆகாது.

டிக்கியில் செத்துப்போகும் கோட்

போன வருடக் கோட்டை இந்த வருட முதல் மழையன்று டிக்கியிலிருந்து உருவும்போது, சுருட்டிய மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, பர்ரென்று பிரிந்து வரும். உள்பக்கம் வெள்ளைச் செதில்களாக உதிர்ந்து சட்டையெல்லாம் ஒட்டும். கோட் மட்டம் என்று தூக்கிப்போட்டுவிடுவோம். பாலியூரித்தேன் பூச்சு ஈரத்திலும் சூட்டிலும் சிதையும் தன்மை உடையது. நனைந்த கோட்டைச் சுருட்டி, அடியில் இன்ஜின் சூடு ஏறும் டிக்கிக்குள் அடைத்துவைத்தால் அந்தச் சிதைவை நாமே வேகப்படுத்துகிறோம். எட்டு மாத வெயிலும் அதே டிக்கிக்குள்தான் அதற்குக் கழிகிறது.

வீட்டுக்கு வந்ததும் உதறி, உள்பக்கம் வெளியே புரட்டி, நிழலில் ஹேங்கரில் மாட்டுங்கள். கம்பியில் மடித்துப் போட்டால் அந்த மடிப்பில்தான் முதலில் வெடிக்கும். வாஷிங் மெஷினும் சோப்புத்தூளும் வேண்டாம். ஈரத்துணியால் துடைத்தாலே அழுக்குப் போய்விடும். அக்குளில் நாற்றம் வந்தால் இலேசான திரவ சோப்பில் கையால் அலசுங்கள். துணிக்கு மென்மையூட்டும் திரவம் பக்கமே போக வேண்டாம். அது தண்ணீரை உருட்டும் பூச்சைக் கெடுத்துவிடும். ஒரு டேப் கிளம்பியிருந்தால் அப்போதே அதற்கான டேப் வாங்கி, மேலே ஒரு துணி போட்டு, குறைந்த சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்து ஒட்டலாம். பிவிசி கோட்டின் மேல் மட்டும் இஸ்திரிப் பெட்டியைக் காட்டக் கூடாது. தை பிறந்ததும் நன்றாகக் காயவைத்து, கொஞ்சம் முகப்பவுடரைத் தூவி, மடிக்காமல் பீரோவிலேயே தொங்கவிடுங்கள். அடுத்ததை வாங்க ஆவணி, புரட்டாசியே சரியான நேரம். அப்போதுதான் எல்லா சைஸும் எல்லா நிறமும் கடையில் இருக்கும். வண்டியில் உட்கார்ந்து நிதானமாகப் போட்டுப் பார்க்கவும் கடைக்காரர் விடுவார். முதல் புயல் எச்சரிக்கை வந்த பிறகு போனால், மிச்சம் இருப்பது கறுப்பு ஃப்ரீ சைஸ்தான்.